காணாத விலங்கும் கண்ட வெள்ளாடும்

பங்குத்தந்தை ஒருவர் தம் பிழையைத் தாமே பத்திரிகையில் எழுதுவது வழக்கமன்று. ஆயினும் இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குள் நுழைய வேறு வாயில் இல்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் மண்ணில் நம் பங்கு அமைந்திருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பயிரும் பொய்க்கும். ஆதலின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களே இங்குள்ள வீடுகளில் அடுப்பெரியச் செய்கின்றன. அத்தகைய வீடொன்றின் பிள்ளையைப் பற்றியதே இக்கட்டுரை. தாய் பட்டாசு ஆலைக்குச் செல்பவர். தந்தை ஆப்செட் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பெயர் வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், மறைக்கல்வி கற்பிக்கும் அருட்சகோதரி ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். "பாருங்கள் ஃபாதர், பத்துக் கட்டளைகளை எழுதச் சொன்னால் இவன் செய்திருக்கும் வேலையை!" என்றார். திறந்து பார்த்தோம். முதற் கட்டளை மட்டும் எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, எஞ்சிய பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பறவைநாகம் தீ கக்கிக்கொண்டிருந்தது. இன்றைய பிள்ளைகள் 'டிராகன்' என்று சொல்கிறார்களே, அதுதான்.

"கோவிலுக்கு வந்து பேயையா வரைகிறாய்?" என்று கடிந்துகொண்டோம். சிறுவன் தலைகுனிந்து நின்றான். குறிப்பேட்டை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். அடுத்த மூன்று ஞாயிறுகளிலும் அவன் மறைக்கல்விக்கு வரவில்லை. நாமோ வேலை மிகுதியில் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

உயிர்ப்புத் திருவிழாவுக்குச் சில நாள்களே இருந்தன. கோவிலைத் தூசி தட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கப் பீடத்திலுள்ள அதிதூதர் மிக்கேல் சுரூபத்தைத் துடைக்க ஏணி போட்ட கோவில்பிள்ளை, "சாமி, கொஞ்சம் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். பிடித்துக்கொண்டு நிமிர்ந்தோம். நம் கண்ணுக்கு நேரே இருந்தது அதிதூதரின் முகமன்று; அவருடைய காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் அரக்கப் பாம்பின் முகம். வளைந்த கொம்பு, கொக்கி போன்ற வால், வௌவால் இறக்கை. அதன் இடக் கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது.

சிறுவன் வரைந்த பறவைநாகத்துக்கும் இடக் கொம்பு பாதிதான் இருந்தது. அதை அவனுடைய கற்பனை என்றோ கைப்பிழை என்றோ நாம் எண்ணியிருந்தோம். அந்தப் பிள்ளை நம் கோவிலில் உட்கார்ந்து, நம் சுரூபத்தை, ஒடிந்த கொம்பு உட்பட உற்றுப் பார்த்திருக்கிறான். அப்பீடத்தின் முன்னே ஆறு ஆண்டுகளாகத் திருப்பலி நிறைவேற்றிவந்த நாம் அந்தக் கொம்பை ஒருமுறையேனும் பார்த்ததில்லை.

அன்று மாலையே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தோம்.

புனிதரும் செய்த புகார்

நம்மைப் போலக் கடிந்துகொண்டவர் முன்பே ஒருவர் உண்டு என்பது வழியில் நினைவுக்கு வந்து, சற்றே ஆறுதல் தந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ மடத்துத் தலைவர் புனித பெர்நார்து, துறவு மடங்களின் தூண்களிலே செதுக்கப்பட்ட விநோத விலங்குகளைக் கண்டித்து எழுதினார். பாதி மனிதனும் பாதி குதிரையுமான உரு, ஒரே தலைக்குப் பல உடல், பல தலைக்கு ஓர் உடல், நாற்கால் விலங்குக்குப் பாம்பின் வால் என அவர் அடுக்கிச் செல்கிறார். துறவிகள் நூலைப் படிப்பதை விட்டுக் கல்லைப் படிக்கிறார்களே என்பது அவருடைய மனக்குறை. ஆகும் செலவு பற்றியும் அவருக்கு வருத்தம் உண்டு. ஆனால் அப்பகுதியை வாசிக்கும் எவரும் ஒன்றைக் கவனிக்கலாம். அவ்விலங்குகளை அவரே உற்றுப் பார்த்திராவிட்டால் அத்தனை நுட்பமாக எழுதியிருக்க முடியாது.

திருவிவிலியமே இத்தகைய உருவங்களுக்கு அந்நியமன்று. எசேக்கியேல் இறைவாக்கினரின் காட்சியில் மனிதன், சிங்கம், காளை, கழுகு என நான்கு முகங்கள் கொண்ட உயிர்கள் தோன்றுகின்றன. அவற்றைக் கொண்டே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நற்செய்தியாளர்களுக்கு முறையே அடையாளங்கள் அமைந்தன. யோபு நூலில் லிவியத்தான் வருகிறது. திருவெளிப்பாட்டிலோ ஏழு தலையும் பத்துக் கொம்பும் உடைய அரக்கப் பாம்பே வருகிறது. இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அவர்களுள் ஒருவன் வரைந்தால் அதட்டுவது என்ன நியாயம்?

இவ்வகையில் நமக்குத் தெளிவு தருபவர் புனித தோமா அக்குவினார். குருமடத்தில் அவரைப் படித்தபோது வந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பொன்னைக் கண்டிருக்கிறோம், மலையைக் கண்டிருக்கிறோம், பொன்மலையைக் கண்டதில்லை. ஆயினும் அவ்விரண்டையும் சேர்த்துப் பொன்மலையை உள்ளத்தில் உருவாக்கிக்கொள்கிறோம். இதுவே கற்பனையின் வேலை. ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பவர் இறைவன் ஒருவரே. மனிதன் படைப்பதெல்லாம் ஏற்கெனவே படைக்கப்பட்டவற்றிலிருந்து எடுத்துக் கோத்ததேயாகும். அப்படியானால் காணாத விலங்கை வரைய விரும்புகிறவன், காணும் விலங்குகளை மற்றெவரையும்விட நன்றாகப் பார்த்தாக வேண்டும். இந்த உண்மை நமக்கு அன்று வரை ஏட்டில் மட்டுமே இருந்தது.

வராத கால்கள்

சிறுவனின் தாய் நம்மைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலி போட்டார். குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "அவன் இப்போது வரைவதில்லை, சாமி. நீங்கள் வேண்டாமென்று சொன்ன அன்றே விட்டுவிட்டான். பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு லீவு நாளில் போகிறேன் என்கிறான்" என்றார். நம்மை மகிழ்விக்கவே அதைச் சொன்னார். நமக்கோ நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது. பிள்ளையைத் தீயதொன்றிலிருந்து காத்ததாக நாம் நினைத்திருக்க, அவன் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிப் பசைச்சட்டியைக் கொடுத்திருக்கிறோம்.

சிறுவனை அழைத்தோம். "தம்பி, தவறு நம்முடையது. கோவிலில் இருப்பதைத்தான் நீ வரைந்திருக்கிறாய். நாம் பார்க்காமல் பேசிவிட்டோம். மன்னித்துக்கொள்" என்றோம். பெரியவர் ஒருவர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வதென்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. சற்று நேரம் நின்றான். பிறகு தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை இழுத்து நம் முன்னே வைத்தான். அச்சகத்தில் கழிவாகும் நாட்காட்டித் தாள்கள். முன்பக்கம் நிறம் பிசகிய தெய்வ உருவங்களும் மலர்களும். பின்பக்கம் முழுதும் அவன் வரைந்த விலங்குகள்.

ஆசிரியர் எவருமில்லை. கைப்பேசியில் கண்டதையும், பட்டாசுப் பெட்டிகளின் மேல் கண்டதையும், பழைய காமிக்ஸ் புத்தகங்களில் கண்டதையும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான். தலைகள் நன்றாக இருந்தன. தீ மிக நன்றாக இருந்தது. பட்டாசு ஊர்ப் பிள்ளைக்குத் தீயை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை போலும். ஆனால் உடலுக்குக் கீழே வந்தால், விலங்கு நான்கு மேசைக்கால்களில் நின்றது. இறக்கைகள், முதுகில் மாட்டிய பள்ளிப் பையைப் போலத் தொங்கின.

அவனுக்கே அது தெரிந்திருந்தது. "கால்தான் ஃபாதர், வரவே மாட்டேன் என்கிறது. டிராகனின் கால் எப்படி இருக்கும் என்று எந்தப் படத்திலும் சரியாகத் தெரியவில்லை" என்றான்.

நமக்கு வரையத் தெரியாது. ஆனால் நாம் ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளை. எதிர்வீட்டுத் திண்ணையோரம் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அவனை அதன் அருகே அழைத்துச் சென்று, "இதன் பின்னங்காலில் முழங்கால் எங்கே இருக்கிறது, காட்டு" என்றோம். பின்புறமாக மடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினான். பெரும்பாலோர் அப்படியே காட்டுவர். அது முழங்கால் அன்று. அதுதான் ஆட்டின் குதிகால். உண்மையான முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்புறம் நோக்கி மடங்குகிறது. ஆடு தன் இரு விரல்களின் நுனியில், அதாவது குளம்புகளில், ஆயுள் முழுதும் எக்கி நிற்கிறது. நாய் விரல்களின் அடிப்பாகத்தை ஊன்றி நடக்கிறது. கரடியும் மனிதனும் உள்ளங்கால் முழுவதையும் ஊன்றுகிறோம்.

சிறுவன் தன் குதிகாலை உயர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி நின்று பார்த்தான். ஆட்டைப் பார்த்தான். மீண்டும் தன் காலைப் பார்த்தான். "ஆட்டுக்கும் எனக்கும் ஒரே கால்தான், ஃபாதர்!" என்று வியந்து கூவினான். அந்த முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் நடந்தது தகும்.

லெயோனார்தோவின் கேடயம்

இவ்வாறு கற்றவன் இவன் ஒருவனல்லன். இத்தாலிய ஓவியர் லெயோனார்தோ தா வின்சியின் இளமைக்காலத்தைப் பற்றி வசாரி என்பவர் 1550-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓவியர் வரலாற்றில் ஒரு கதை சொல்கிறார். லெயோனார்தோவின் தந்தையிடம் ஓர் உழவர், அத்திமரத்தால் செய்த கேடயம் ஒன்றைக் கொடுத்து, அதில் ஏதேனும் வரைவித்துத் தருமாறு கேட்டார். தந்தை அதை மகனிடம் கொடுத்தார். பார்த்தவர் நடுங்கும்படி ஒரு பயங்கர விலங்கை வரைய மகன் எண்ணினான். அதற்காகப் பல்லி, ஓணான், பாம்பு, வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி, வௌவால் முதலியவற்றைத் தேடிப் பிடித்து, வேறெவரும் நுழையாத தன் அறையில் சேர்த்துவைத்தான். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்து ஒரே விலங்காகக் கோத்தான். செத்த உயிர்களின் நாற்றம் அறையை நிறைத்தும், வேலையின் ஈடுபாட்டில் அவனுக்கு அது உறைக்கவில்லையாம்.

கேடயத்தை வாங்க வந்த தந்தை, மங்கிய வெளிச்சத்தில் அதைக் கண்டு திடுக்கிட்டுப் பின்வாங்கினார். பிறகு உழவருக்குக் கடையில் வாங்கிய வேறொரு கேடயத்தைக் கொடுத்துவிட்டு, மகன் வரைந்ததை வணிகரிடம் 100 பொற்காசுகளுக்கு இரகசியமாக விற்றுவிட்டார். வணிகர் அதை மிலான் கோமகனுக்கு 300-க்கு விற்றனர். அந்தக் கேடயம் இன்று கிடைக்கவில்லை. கதையில் கதாசிரியரின் கைவண்ணமும் சேர்ந்திருக்கலாம். ஆயினும் லெயோனார்தோ தம் குறிப்பேடுகளில் மாணவர்க்கு எழுதிவைத்த அறிவுரை இதனோடு முற்றும் பொருந்துகிறது. கற்பனை விலங்கு உயிருள்ளதாய்த் தோன்ற வேண்டுமானால், அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான ஏதேனும் ஒரு விலங்கின் உறுப்பாக இருக்கவேண்டும் என்கிறார். நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, கிழச் சேவலின் நெற்றிப்பொட்டு, ஆமையின் கழுத்து என்று பட்டியலும் தருகிறார்.

இக்கதையைச் சிறுவனுக்குச் சொன்னோம். அதன் விளைவாக அவன் வீட்டில் ஓணான்கள் நுழைந்ததற்கு அவனுடைய தாயார் நம்மையே பொறுப்பாக்குகிறார். அது நியாயமே.

கல்லில் நின்ற யாளி

இத்தாலி வரை செல்லவும் வேண்டியதில்லை. நம் நாட்டுச் சிற்பிகள் இந்தக் கலையில் எவர்க்கும் இளைத்தவரல்லர். கோடை விடுமுறையில் அவனை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் பதினாறாம் நூற்றாண்டில் அரியநாத முதலியாரால் எழுப்பப்பட்டது. தூண்களின் எண்ணிக்கை உண்மையில் 985. இப்போது அது கலைக்கூடமாகப் பேணப்படுகிறது. அங்கேயும் எதிரேயுள்ள புதுமண்டபத்திலும் யாளிகள் பின்னங்கால் ஊன்றி எழுந்து நிற்கின்றன.

யாளியை எவரும் கண்டதில்லை. சங்கப் பாடல்களிலேயே 'ஆளி' என்னும் பெயரில், யானையை வெல்லும் விலங்காக அது பேசப்படுகிறது. ஆனால் சிற்பி அதைச் செதுக்கும்போது கண்டதைக் கொண்டே செதுக்கினான். உடல் சிங்கத்தினுடையது. சில யாளிகளுக்குத் துதிக்கையும் தந்தமும் யானையினுடையவை. பிதுங்கிய கண்ணும் சுருண்ட பிடரியும் சிற்பியின் அலங்காரம். சிறுவன் முதலில் தலையைப் பார்க்கவில்லை. குனிந்து பின்னங்கால்களைப் பார்த்தான். "குதிகால் சரியான இடத்தில் இருக்கிறது, ஃபாதர்" என்றான். நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிற்பிக்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் அன்று தேர்ச்சிச் சான்றிதழ் வழங்கினான்.

இறக்கைக்கான விடை வேறிடத்தில் கிடைத்தது. நம் கோவில் மணிக்கூண்டில் வௌவால்கள் உண்டு. அங்கே செத்துக் கிடந்த ஒன்றைத் தொடவேண்டாமென்று எச்சரித்து, குச்சியால் விரித்துக் காட்டினோம். வௌவாலின் இறக்கை அதன் கையே. நான்கு விரல்கள் குடைக்கம்பிகளாக நீண்டு, அவற்றுக்கிடையே தோல் விரிந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் சிறு கொக்கியாக மேலே நிற்கிறது. பறவையின் சிறகும் அவ்வாறே மேற்கை, முன்கை, மணிக்கட்டு என எலும்பமைப்பில் கையேயாகும். சிறுவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்படியென்றால் இறக்கை இருந்தால் முன்னங்கால் இருக்க முடியாது, ஃபாதர். என் டிராகனுக்குக் கால் இரண்டு அதிகம்" என்றான். ஆடு, ஓணான், மயில், வௌவால் எல்லாவற்றுக்கும் நான்கே உறுப்புகள். அவன் விலங்குக்கு மட்டும் ஆறு. அன்றிரவே அதன் முன்னங்கால்களை இறக்கைகளாக மாற்றிவிட்டான். ஐரோப்பிய ஓவியர்கள் இரண்டு கால் பறவைநாகத்தைப் பல நூற்றாண்டுகளாக வரைந்துவருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் அதைத் தானாகவே கண்டடைந்தான்.

பாராமல் வரைந்த மேதை

பாராமல் வரைந்தால் மேதைக்கும் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1515-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஒரு காண்டாமிருகம் கப்பலேறி லிஸ்பன் நகரை அடைந்தது. குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்குக் கொடுத்த பரிசு அது. உரோமைப் பேரரசின் காலத்துக்குப்பின் ஐரோப்பா அவ்விலங்கைக் கண்டதேயில்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வாழ்ந்த ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் பெரும் ஓவியர், யாரோ வரைந்தனுப்பிய ஒரு படத்தையும் கடிதச் செய்தியையும் மட்டும் வைத்துக்கொண்டு, தாம் காணாத அவ்விலங்கை மரச்செதுக்கு அச்சில் வெளியிட்டார். நியூரம்பெர்க் போர்க்கவசம் செய்வதில் பெயர்பெற்ற ஊர். டியூரரின் காண்டாமிருகமும் இரும்புத் தகடுகளை ஆணியடித்துப் பொருத்தியது போலக் கவசம் பூண்டு நிற்கிறது. தோள்மேல் இல்லாத இரண்டாம் கொம்பொன்றும் முளைத்திருக்கிறது.

அந்த விலங்கைப் போர்த்துக்கல் மன்னர் திருத்தந்தை பத்தாம் லெயோவுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். 1516-இல் இத்தாலியக் கடலருகே கப்பல் மூழ்கி அது மாண்டது. டியூரரின் படமோ இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் உண்மையான காண்டாமிருகமாக உலவியது. காணாத இடத்தை அவர் தாம் கண்டிருந்த கவசத்தைக் கொண்டு நிரப்பினார். மேதையும் வெறுங்கையிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"படம் சோறு போடுமா?"

இனி, பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். சிறுவனின் தந்தையும் அதையே கேட்டார். "நீங்கள் சொல்வதெல்லாம் சரி, சாமி. இது நாளைக்கு இவனுக்குச் சோறு போடுமா?"

போடும் என்று நாம் சொல்லவில்லை; சொல்லவும் இயலாது. ஆனால் இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருளுண்டு. 1922-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்குப் படம் வேண்டும். படத்துக்கு அச்சு வேண்டும். எழுத்தறியாதவரும் 'சேவல் படம் போட்டது', 'மயில் படம் போட்டது' என்று கேட்டு வாங்கினர். இவ்வாறு வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில், பின்னர் நாட்காட்டிகளை நாடெங்கும் அனுப்பியது.

அந்நாட்காட்டிகளில் புகழ்பெற்றவை கொண்டையராஜு அவர்கள் வரைந்தவை. 1898-இல் பிறந்த அவர், 1850-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகச் சென்று, இறுதியில் கோவில்பட்டியில் தங்கி, 1976-இல் மறைந்தார். அவருடைய சீடர்களோ ஓவியப் பள்ளியில் பயின்றவர்களல்லர். அவரோடிருந்து, பார்த்து, வண்ணம் குழைத்துக் கொடுத்துக் கற்றவர்கள். அவர்களுடைய படங்கள் கோடிக்கணக்கான வீட்டுச் சுவர்களை அடைந்தன. மாயாவிகளையும் விநோத உயிர்களையும் தமிழ்ச் சிறுவர்க்குக் கொண்டுவந்த முத்து காமிக்ஸ் 1972-இல் தோன்றியதும் இதே சிவகாசியில்தான். ஆக, இங்கே ஒரு பிள்ளை விலங்கு வரைகிறான் என்றால், அது இந்த ஊரின் தொழிலுக்கு அயலான செயலன்று.

இதையெல்லாம் சொன்னபோது தந்தை மறுமொழி கூறவில்லை. மகன் வரைந்திருந்த புதிய படத்தை எடுத்து, விளக்கருகே பிடித்து, அச்சகத்தில் தாளைப் பார்க்கும் பழக்கத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு அச்சுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று நாள்தோறும் பார்க்கும் கண்கள் அவை. பிறகு மகனைப் பார்த்து, "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்றார். பையன் விழித்தான். "தலையில் நிழல் வலது பக்கம் விழுகிறது. வாலில் இடது பக்கம் விழுகிறது. உன் ஊரில் இரண்டு சூரியனா?"

சிறுவன் ரப்பரை எடுத்துக்கொண்டு தந்தையின் அருகே போய் உட்கார்ந்தான். ஆசிரியரில்லை என்று அவன் எண்ணிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஆசிரியர் ஒருவர் அதே வீட்டில் உண்டு உறங்கிக்கொண்டிருந்தார். கேள்வி தீர்ந்துவிடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் அச்சுத்தொழிலில் பட்டயப் படிப்பா, ஓவியமா என்று அவ்வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் லீவு நாளில் பெட்டி ஒட்டும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

நம் குடும்பங்களில் இத்தகைய பிள்ளைகள் பலர் இருக்கலாம். அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, பொருட்செலவு பெரிதன்று. ஒரு பென்சில், ஓர் அழிப்பான், ஒருபக்கம் வெறுமையான தாள் போதும். இப்பகுதியில் அத்தகைய தாளுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, படத்தைப் பார்த்து வரைவது குற்றமன்று. எல்லாரும் அப்படியே தொடங்குகிறார்கள். ஆனால் அதோடு நின்றுவிட்டால், முதலில் வரைந்தவரின் பிழையும் சேர்ந்து வந்துவிடும். நாள்தோறும் உயிருள்ள ஒன்றையும் பார்த்து வரையட்டும். உறங்கும் நாய் நல்ல மாதிரி, அது அசையாது. ஆடு அசைபோடும்போது வரையலாம். கோழி பொறுமையைச் சோதிக்கும்.

மூன்றாவது, முதலில் தோலையும் செதிலையும் வரையப் புகவேண்டாம். உடலுக்கு ஒரு பீப்பாய், தலைக்கு ஒரு முட்டை, காலுக்கு மூன்று குச்சிகள் என்று எளிய உருவங்களால் நிற்கும் நிலையை அமைத்த பின்னரே மேற்பூச்சு. அடித்தளமில்லாத வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பயனில்லை.

நான்காவது, பிள்ளை வரைந்ததைக் கண்டதும் "என்ன இது?" என்று சிரிக்காதீர்கள். "இதன் கால் எதைப் போன்றது?" என்று கேளுங்கள். அவன் விடை தேடிப் போவான். பழைய படங்களை எறியாமல் தேதியிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் அவனே தன் வளர்ச்சியைக் காண்பான்.

செப்டம்பர் 29, அதிதூதர்கள் திருவிழா. சென்ற ஆண்டு அத்திருவிழாவுக்கு முந்திய மாலையில், சிறுவன் தன் பெற்றோருடன் அறைவீட்டுக்கு வந்து ஒரு படத்தைக் கொடுத்தான். அதிதூதரின் காலடியில் அரக்கப் பாம்பு. குதிகால் அதற்குரிய இடத்தில் இருந்தது. இறக்கை, தோளிலிருந்து விரலாக விரிந்திருந்தது. கண் சேவலுடையது, கழுத்துச் சதை ஓணானுடையது, ஆட்டின் தாடியும் இருந்தது. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தது. இடக் கொம்பு மட்டும் பாதியில் ஒடிந்திருந்தது. "அதை முழுதாக வரைந்திருக்கலாமே?" என்றோம். "நம் கோவிலில் அப்படித்தானே ஃபாதர் இருக்கிறது?" என்றான்.

அவனுடைய தாய் படத்தை நம்மிடமிருந்து ஒருமுறை வாங்கிப் பார்த்தார். எவ்வளவு கழுவினாலும் அலுமினியத் தூளின் சாம்பல் நிறம் விரலிடுக்குகளில் தங்கிவிடும் கைகள் அவருடையவை. அக்கைகளைச் சேலைத் தலைப்பில் மீண்டும் மீண்டும் துடைத்துக்கொண்டு, தாளின் ஓரத்தை மட்டும் இரு விரல்களால் பிடித்து, விலங்கின் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். "பயமாகத்தான் இருக்கிறது, சாமி" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

அந்தக் குறிப்பேட்டைப் பூட்டிவைத்த இழுப்பறையை இப்போது நாம் பூட்டுவதில்லை.